வெள்ளை வயர்

அண்ணன் வந்து இறங்கியதுமே தங்கைக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. பெரிய கம்பெனியில் இன்ஜினியராம் துரை. கடைசியாக ஒரு ஸ்க்ரூவைத் திருப்பியது எப்போது என்று கேட்டால் கடவுளுக்கே வெளிச்சம். வாய் மட்டும் ஏழூருக்குக் கேட்கும்.

அவள் செல்போன் ரிப்பேர் பார்ப்பவள். பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சும் கைகளும் போய், இடது கால் மட்டும் மிச்சம். முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால். அந்த மெஷின் பெடலையே விரல் நீளப் போர்டு ஒன்றில் கோத்துவிட்டாள். போர்டிலேயே யுஎஸ்பி இருப்பதால், டேப் சுற்றிய பழைய கறுப்பு வயர் ஒன்றால் இணைத்தால் போதும், கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டு என்றே நம்பிவிடும். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னும்; வேண்டியது வரும்போது அப்பா மிதித்தால் போதும்.

பதினோரு மணிக்கு முதியோர் இல்லத்து மேனேஜர் வருகிறார். அங்கே போய்ச் சேர்வதற்கான சம்மதத்தை அப்பாவே சொல்ல வேண்டும். அவரால் முடியாதென்றால் மூத்த மகன் கையெழுத்துப் போட்டாலே போதும். மூத்த மகன் பேனாவோடு தயாராக இருந்தான்.

"ஸ்கூல் பசங்க எக்ஸிபிஷன்ல வைக்கிற சாமான் இது. இதுல அப்பா பேசப் போறாராக்கும்!"

மேனேஜர் வந்து உட்கார்ந்தார். அப்பா மிதித்தார். எழுத்துகள் மின்னிக்கொண்டே போயின, ஒன்றும் விழவில்லை. மறுபடி மிதித்தார். போர்டில் பச்சை விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா சார்? விளக்கு எரியுது, உள்ள ஒண்ணும் இல்ல. அப்பாவும் இப்படித்தான்" என்று சிரித்தான் அண்ணன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தாள். டேப் சுற்றிய அவளுடைய கறுப்பு வயரைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வெள்ளை வயர்.

"இதை யார் மாட்டினது?"

"நான்தான். உன்னோடது பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. குப்பைல போட்டேன்."

"இது வெறும் சார்ஜர் வயர்ண்ணா! கரண்ட்டு மட்டும்தான் போகும், சேதி போகாது. என் கடைக்கு வர்ற காய்கறிக்காரருக்குக்கூட இது தெரியும். இன்ஜினியராம், தூ!"

குப்பையிலிருந்து கறுப்பு வயரை எடுத்துத் துடைத்து மாட்டினாள். அப்பாவின் கால் பெடலைத் தேடிப் பிடித்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மேனேஜர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"நான் வரல. இவனை அந்த வெள்ளை வயரையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பச் சொல்லு."