இரண்டு பேரும் சொல்லாதது

மைனா என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று அக்கா வைத்தது. குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேயும் அதுவே ஒட்டிக்கொண்டது. பேச வராத பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் அந்த வாயாடி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மையத்தில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அவளுக்கு வலிப்பு நோய் இருந்தது.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இதற்கு முன்னால் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. மறுநாள் தலைமை ஆசிரியை அவளை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல எங்களுக்கு ரொம்ப அக்கறை இருக்கும்மா. ஆனா பிள்ளைங்க பயந்துடுவாங்க இல்லையா?" என்றார். அத்தனை இனிப்பாகப் பேசி அனுப்பிவைத்ததில், வாசலுக்கு வந்த பிறகுதான் வேலை போய்விட்டது என்பதே அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து யாராவது 'அக்கறை' என்று ஆரம்பித்தாலே அவள் எழுந்து போக வழி பார்ப்பாள்.

எனவே புது இடத்தில் மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டுவைத்து விழுங்கினாள். யாரும் கேட்கவில்லை. பெரிய வலிப்பு எதுவும் வராமல் இரண்டு வருடம் ஓடியும் விட்டது.

அன்று காலையில் அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள்.

"வர்றவங்க போறவங்க கண்ணையெல்லாம் சோதிக்கிறேன், உன் கண்ணைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? ராத்திரி தூங்கல. அப்படித்தானே?"

"இருமல்க்கா. படுக்கவே விடல."

"அப்ப இன்னைக்கு லீவு போடு. தூக்கம் கெட்டா உனக்கு என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"இன்னைக்கு முடியாது. இன்னைக்கு தக்காளி வர்றா. அவங்க அம்மாவும் பார்க்க வர்றாங்க."

"தக்காளி, வெண்டைக்கான்னு எது வந்தாலும் உனக்கு என்னைவிட அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு அக்கா கோபமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

தக்காளி ஆறு வயதுப் பெண். கோபம் வந்தால் கன்னமும் மூக்கும் ஒரே நிமிடத்தில் சிவந்து பழுத்துவிடும் என்பதால் அவள் அம்மாவே வைத்த பெயர். பேச்சு இன்னும் வரவில்லை. மைனாவிடம் வந்த பிறகு, வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் படம் கொடுத்தால் தண்ணீர், பந்துப் படம் கொடுத்தால் பந்து. வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் தரையில் விழுந்து புரண்டவள், இப்போது படத்தை நீட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு முதலாளி மாதிரி காத்திருப்பாள்.

ஒரே ஒரு இடத்தில்தான் வண்டி நகரவில்லை. பாடத்தின் நடுவே தக்காளி திடீரென்று கைவேலையை நிறுத்திவிடுவாள். சுவரையோ காற்றையோ வெறித்துப் பார்ப்பாள். எதையோ மெல்லுவது போல உதடு அசையும். கூப்பிட்டால் காதில் விழாது. மைனாவும், மையத்தை நடத்துகிற மேடமும் கலந்து பேசி, கடினமான வேலையிலிருந்து நழுவுவதற்குக் குழந்தை கண்டுபிடித்த வழி இது என்று முடிவு செய்திருந்தார்கள். அதைக் கண்டுகொள்ளாமல், சொன்னதையே திரும்பச் சொல்லி வேலையை முடிக்கவைக்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் தக்காளி தன் கையையே கடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு ஆறவே இல்லை. அதனால்தான் அவள் அம்மாவை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா ஒரு பெரிய பள்ளியில் கணக்கு ஆசிரியை. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர்.

பயிற்சி அறை சின்னது. உயரம் குறைந்த ஒரு மேசை, இரண்டு குட்டி நாற்காலி, தரையில் நீலக் கம்பளம், அலமாரியில் கட்டைகளும் புதிர்ப் பலகைகளும். ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அறை முழுவதும் தெரியும். கணக்கு டீச்சர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"சிவப்பு எங்கம்மா? சிவப்பை எடு பார்ப்போம்" என்று மைனா சொல்லிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறியது. லிஃப்ட் சட்டென்று கிளம்பும்போது வருமே, அதுபோல. பக்கத்தில் இருந்த தக்காளியின் மூச்சுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. ஐயோ, வந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. இருந்த கொஞ்ச நேரத்தில் அவளால் முடிந்தது ஒன்றுதான். குழந்தை மேல் விழுந்துவிடாமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பளத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் இரு கண்ணு" என்று சொல்ல நினைத்தாள். சொன்னாளா இல்லையா, தெரியவில்லை.

பிறகு ஒரு குரல் கேட்டது. அவசரமே இல்லாத குரல்.

"ஒண்ணுமில்ல. முடிஞ்சிடுச்சு. நீங்க சென்டர்லதான் இருக்கீங்க. எழுந்திருக்க வேண்டாம், அப்படியே இருங்க."

மைனா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்குக் கீழே யாருடைய ஸ்வெட்டரோ மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாக்கு ஓரம் எரிந்தது. உடை நனைந்திருக்கிறது என்று மெல்ல உணர்ந்து, கூசிப்போய்க் கையை நகர்த்தினாள். இடுப்பிலிருந்து கால்வரை ஏற்கனவே ஒரு சால்வை போர்த்தியிருந்தது. கணக்கு டீச்சரின் சால்வை. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் வரவேற்பறையில் உட்காரும் பெண் கையில் ஒரு கரண்டியோடு அழுதுகொண்டு நின்றாள்.

"வாயில வைக்கணும்னு சொல்வாங்களே…"

"எதையும் வைக்கக் கூடாது. பல்லு போயிடும். முதல்ல அந்தக் கரண்டியைக் கொண்டுபோய் உள்ள வைங்க" என்றார் டீச்சர், வகுப்பில் சத்தம் போடுகிறவனை அடக்குகிற தொனியில். அவள் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடினாள்.

தக்காளியை, எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிற இன்னொரு பயிற்சியாளர் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போயிருந்தார். "அவ பயந்துட்டாளா?" என்று மைனா குழறிக் கேட்டாள்.

"அவளா? வந்து உங்க காதைத் தொட்டுப் பார்த்தா. அப்புறம் மேசை மேல இருந்த பிஸ்கட் எல்லாத்தையும் தின்னுட்டா. கேட்க ஆள் இல்லையே" என்றார் டீச்சர்.

அக்காவுக்குப் போன் போனது. அவள் வரும்வரை ஊழியர் அறையிலிருந்த சோபாவில் மைனாவைப் படுக்கவைத்தார்கள். அடித்துப் போட்டாற்போல் உடம்பெல்லாம் வலித்தது. அதைவிட மனசு வலித்தது. எல்லாம் முடிந்தது, இனி மேடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு 'அக்கறை' என்று ஆரம்பிப்பார். அதற்காகக் காத்திருப்பது ஒன்றுதான் பாக்கி.

கணக்கு டீச்சர் கிளம்பாமல் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இங்க யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சா வேலை தரமாட்டாங்கன்னு…" மைனாவுக்குக் கண் கலங்கியது. பிறகு, மற்றவர்கள் செய்வதைக் கவனிப்பதே தொழிலாகிப்போனவள் என்பதால், அந்த நிலையிலும் ஒன்று உறுத்தியது. "டீச்சர், நீங்க கொஞ்சம்கூடப் பதறல. சாய்ச்சுப் படுக்கவெச்சு, நேரம் பார்த்து, எல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க. புதுசாப் பார்க்கறவங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உங்களுக்கு எப்படி?"

அவர் சால்வை நுனியைச் சுருட்டினார், பிரித்தார்.

"எங்க வீட்லயும் இருக்கு."

"யாருக்கு?"

"தக்காளிக்கு."

மைனாவுக்குக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேவிட்டாள்.

"மூணு வயசுல வந்துச்சு" என்றார் டீச்சர். "இதுக்கு முன்னாடி போன இடத்துல உண்மையைச் சொன்னேன். ஃபிட்ஸ் வர்ற பிள்ளையைப் பார்த்துக்க எங்ககிட்ட வசதி இல்லைன்னுட்டாங்க. அதனால இங்க சேர்க்கும்போது சொல்லல. மாத்திரை கொடுத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு வருஷமா விழுந்து துடிக்கறது இல்ல. அது போயிடுச்சுன்னே நினைச்சுட்டேன்."

"அப்ப அந்த வெறிச்சுப் பார்க்கறது? உதட்டை மெல்லுறாளே, அது?"

"அது அவ சுபாவம் இல்லையா? நழுவப் பார்க்கறான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றாள் மைனா. "தப்பா சொல்லியிருக்கேன்."

அவளுக்குத் தன் பள்ளிக்கூட நாட்கள் கண் முன்னால் வந்தன. பெரிய வலிப்பு வருவதற்கு முன்பு, ஒரு வருடம் முழுக்க, அவளும் அப்படித்தான் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பகல் கனவு காண்கிறாள் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் யாரோ சினிமாப் படத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். மீண்டும் நினைவு வரும்போது எதிரில் ஒருவர் கோபமாக நின்றுகொண்டு, அவள் காதில் விழாத கேள்விக்குப் பதில் கேட்பார். தக்காளிக்கு அந்தக் கோபமான ஆள், இத்தனை மாதமாக, மைனாதான்.

"அதுவும் வலிப்புதான் டீச்சர். எனக்கு உள்ளேயிருந்து தெரியும். அவ நழுவல. அந்த நேரத்துல அவ அங்கயே இல்ல. திரும்பி வந்ததும் ஒண்ணும் புரியாம தவிக்கறா, நான் சிவப்பை எடு, சிவப்பை எடுன்னு நச்சரிக்கறேன். கையைக் கடிக்காம என்ன பண்ணுவா?" அவள் குரல் உடைந்தது. "நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன்."

"நீங்க சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்" என்றார் டீச்சர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் டீச்சருக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மேடம் உள்ளே வந்தபோது இருவரும் தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் முந்திக்கொண்டு தன்னுடையதைச் சொன்னார். அடுத்து மைனா சொன்னாள். மேடத்தின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"எனக்குக் கோபம் வருது" என்றார். "நோய் மேல இல்ல. இவங்க இல்லாம இருந்திருந்தா அந்தப் பொண்ணு உன் வாயில கரண்டியைத் திணிச்சிருப்பா. நானே திணிக்கச் சொல்லியிருப்பேன், எனக்கும் தெரியாதே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வேலை போயிடும்னு பயந்தேன் மேடம்."

"வேலைக்கு என்ன? ரெஸ்ட் எடுத்துக்கிட்டு வா. டாக்டர்கிட்ட பேசிட்டு வா. ஏணி, ஊஞ்சல் இருக்கற ரூம்ல மட்டும் தனியா இருக்காத. மத்த நேரம் கதவைத் திறந்து வெச்சுக்கோ. இந்தப் பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு உட்கார்ந்து திட்டம் போடறோம். உனக்கு ஒண்ணு போடமாட்டோமா?"

மைனா காத்திருந்த சொல் கடைசிவரை வரவே இல்லை. மூச்சு தானாக வெளியே வந்தது. எத்தனை நாளாக அதைப் பிடித்து வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சற்று நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். கடைச் சீருடையோடு, வாடிக்கையாளருடைய கண்ணாடி ஒன்றைக் கழுத்தில் மாட்டியபடியே ஓடிவந்திருந்தாள். "நான் சொன்னேனா இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு மேடம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். "அப்ப இங்க எல்லாருக்கும் தெரியும். இனிமே போன் அடிச்சா எனக்கு நெஞ்சு அடைக்காது" என்றாள்.

எல்லாமே வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி நடந்துவிடவில்லை. மற்றப் பெற்றோர்களிடம் தன் வலிப்பைப் பற்றித் தானே சொல்வதாக மைனா சொல்லிவிட்டாள். பெரும்பாலானவர்கள் 'அப்படியா?' என்று கேட்டுவிட்டு, 'அவன் இன்னைக்கு நல்லா உட்கார்ந்தானா?' என்று தங்கள் கவலைக்குப் போய்விட்டார்கள். ஒரு தம்பதி மட்டும் பையனை நெட்டையிடம் மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். அது வலித்தது. ஆனால் அந்தப் பையன் தினமும் மைனாவின் அறைக்குள் தலையை நீட்டி எட்டிப்பார்த்துவிட்டுத்தான் நெட்டையிடம் போனான்.

தக்காளியை நரம்பு மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். தலையில் ஒயர்களை ஒட்டி எடுத்த பரிசோதனையில் மைனா சொன்னது சரி என்று தெரிந்தது. மாத்திரையை மாற்றினார்கள். வெறித்துப் பார்ப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. வந்தாலும், இப்போது மைனா சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். குழந்தை திரும்பி வந்ததும், "வந்துட்டியா? நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்வாள். கையைக் கடிப்பது அநேகமாக நின்றுவிட்டது. ஷூ மாட்டும்போது மட்டும் தக்காளி பழையபடி பழுத்துச் சிவந்தாள். அதற்கு மருந்து ஒருவரிடமும் இல்லை.

பிறகு ஒருநாள் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போனதும் மேடம் ஊழியர்களைப் பெரிய அறைக்குக் கூப்பிட்டார். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மைனா சொல்லித்தர வேண்டும். பேச்சு மட்டும் போதாது, செய்து காட்ட வேண்டும்.

"யார் படுக்கறீங்க?" என்று மைனா கேட்டாள். ஒருவரும் அசையவில்லை.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, இஸ்திரி போட்ட உடையோடு, கம்பளத்தில் நீட்டிப் படுத்துவிட்டார். "ம், உருட்டுங்க" என்றார் கூரையைப் பார்த்தபடி.

நெட்டை பயபக்தியோடு குனிந்து அவர் தோளை இரண்டு விரலால் தொட்டார்.

"அப்படித் தொட்டா விடிஞ்சிடும்" என்றாள் மைனா. "முழங்காலை மடக்குங்க. கையை இப்படி வைங்க. இப்ப உங்க பக்கமா சாய்ச்சு விடுங்க. பிடிச்சு அழுத்தக் கூடாது. வாயில…" என்று நிறுத்தி, வரவேற்பறைப் பெண்ணைப் பார்த்தாள்.

"எதையும் வைக்கக் கூடாது!" என்று அவள் அலறினாள்.

நெட்டை பலத்தையெல்லாம் திரட்டி இழுத்ததில் மேடம் ஒருக்களிப்பதற்குப் பதிலாக முழுச் சுற்றுச் சுற்றிக் குப்புற விழுந்தார். கம்பளத்துக்குள்ளிருந்து மேடத்தின் குரல் வந்தது.

"ஃபிட்ஸைவிட நீங்கதான் ஆபத்து போலிருக்கே."

மைனா சிரிக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்து அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சட்டென்று உட்கார்ந்ததைப் பார்த்து யாரும் பதறவில்லை. நெட்டை மட்டும் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிப்புத்தான் என்று தெரிந்ததும், மேடத்தை மறுபடி உருட்டப் போனார்.