எவெலியோவைத் திறக்கும் நாள்

...மண்ணாகியிருப்பான், கட்டாயம் மண்ணாகித்தான் இருப்பான், என்று கல்லறைத் தோட்டத்துப் படியேறும்போது நூபியா எத்தனையாவது தடவையோ சொல்லிக்கொண்டாள், ஐந்து வருஷம் என்ன கொஞ்சநஞ்சமா, சுவர்மாடத்துக்குள் சவப்பெட்டியைத் தள்ளிச் செங்கல் அடைத்தால் ஐந்தாம் வருஷம் உடைத்து எலும்பைப் பொறுக்கிக் கொடுப்பார்கள், எல்லா ஊரிலும் அதுதான் நடக்கிறது, இந்த சான் பெர்னார்தோவில்தான் சிலபேர் போக மாட்டேனென்று அடம்பிடிக்கிறார்கள், தோல், நகம், தலைமுடி, சட்டைப் பொத்தான் எல்லாவற்றோடும்... அப்படிக் கெடாமல் வந்தவர்களைக் கீழே நீளக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவிடுகிறார்கள், தலைநகர் பொகோட்டாவிலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்து வந்து பார்க்கிறார்கள். கூடத்து வாசலுக்கு நேர் எதிரேதான் அவளுடைய பழக்கடை. புருஷன் எவெலியோவும் அங்கே போய் நின்றுவிட்டால் காலையில் கடை திறக்கும்போது அவன், சாயங்காலம் மூடும்போது அவன், அதற்கு அவன் சாகாமலே இருந்திருக்கலாமே... ஐயோ, என்ன நினைப்பு இது, பக்கத்தில் அவன் அக்கா ரோசால்பா ஜெபமாலை உருட்டிக்கொண்டு வருகிறாள், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

“பாருடி, என் தம்பி அப்படியே இருப்பான். நல்லவங்களை மண்ணு தொடாது” என்றாள் ரோசால்பா. நல்லவன்... ஊருக்கு நல்லவன்தான், யார் வீட்டுக் கூரை சரிந்தாலும் ஏணியோடு முதலில் நிற்பவன், சாராயக்கடையில் எல்லோருக்கும் சேர்த்து வாங்கித் தருபவன், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு என்னவானான் என்று கதவுக்கும் அவளுக்கும்தான் தெரியும். அவன் கண்ணாடிக்குள் நின்றுவிட்டால் அந்த நல்லவன் பட்டம் நிலைத்துவிடும், அவள் சொல்வதை அப்புறம் யார் நம்புவார்கள்? வெட்டியான் கஸ்தோடியோ சுத்தியலை ஓங்கினார், முதல் செங்கல் விழுந்தது. சௌசௌக்காயும் பெரிய அவரையும் தின்று வளர்ந்த உடம்புதான் கெடாமல் நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள், அதில்தான் நூபியாவுக்கு நம்பிக்கை, எவெலியோவுக்குச் சௌசௌ என்றாலே ஆகாது, கல்யாணமான புதிதில் ஒருநாள் சூப்பில் போட்டுவிட்டாள், தட்டு பறந்தது, அவள் இடது புருவத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது, அதன் பிறகு பதினாறு வருஷம் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும்தான். அப்படிப்பட்ட உடம்பு எப்படி நிற்கும், நிற்காது, சும்மா கவலைப்படுகிறாய் நூபியா...

அடுத்தடுத்து செங்கல் விழுந்தது, உள்ளிருந்து காற்று வந்தது, நாற்றம் இல்லை, வெறும் காய்ந்த துணி வாடை. நாற்றம் ஏன் இல்லை? அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது, அந்தக் கடைசி எட்டு மாதம்... வாதம் வந்து அவன் படுக்கையில் விழுந்த எட்டு மாதம், வலது பக்கம் செத்துப்போய், நாக்கு எழாமல், கண் மட்டும் உருண்டுகொண்டு. அவள்தான் ஊட்டினாள். என்ன ஊட்டினாள்? மூன்று வேளையும் சௌசௌ, வேகவைத்து, மசித்து, கரண்டி கரண்டியாக, அவன் உதட்டை இறுக்கிக்கொண்டால் மூக்கைப் பிடித்துவிட்டு, “சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது” என்று சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பில் எவ்வளவு சுகம் இருந்தது! பார்க்க வந்தவர்களெல்லாம் பொறுமைசாலி என்று மெச்சினார்கள். பாவி, நீயே ஊட்டி நீயே கெடாமல் பண்ணினாயா, எட்டு மாதம் போதுமா, போதாதா, யாரிடம் போய்க் கேட்பது, கேட்கிற கேள்வியா இது...

பெட்டியை வெளியே இழுத்து வைத்துக் கஸ்தோடியோ கடப்பாரையால் மூடியை நெம்பினார். எவெலியோ இருந்தான். முழுசாக இருந்தான். கொஞ்சம் சுருங்கி, நிறம் மங்கி, மீசைகூட உதிராமல், உதடுகளை ஒன்றோடொன்று இறுக்கி மூடிக்கொண்டு, கரண்டியை மறுத்த அதே இறுக்கத்தோடு. ரோசால்பா மண்டியிட்டு, “என் ராஜா, சொன்னேனே, சொன்னேனே” என்று அழுதாள். நூபியாவுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது, ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு தெளிவும் இருந்தது, முடிவு பெண்டாட்டியுடையது, ஊர் வழக்கமே அதுதான், எரிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் சாம்பல். கஸ்தோடியோ தொப்பியைக் கழற்றினார். “நூபியாம்மா, நீங்கதான் சொல்லணும். கூடத்துல வைக்கவா, எரிக்கவா?” ரோசால்பா நிமிர்ந்து முறைத்தாள், “இதுல கேக்க என்னய்யா இருக்கு?” “இருக்குங்க, அவங்க புருஷன்.” சொல்லு நூபியா, இப்போது சொல்லு, ஒரே வார்த்தை, நாக்கு நுனிவரை வந்துவிட்டது... ஏன் நிற்கிறது? கஸ்தோடியோ அவள் கண் போன திசையைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது, கேள்வி கேட்ட நொடியிலிருந்து அவள் கஸ்தோடியோவையும் பார்க்கவில்லை, ரோசால்பாவையும் பார்க்கவில்லை, சொல்லலாமா என்று எவெலியோவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.