வளகின்ன என்றால்

பாடசாலையிலிருந்து வந்த தாளை மூக்கையா தோட்ட லயத்து வாசலில் நின்று படித்தபோது, வெள்ளையம்மா விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தாள். மூக்கையா பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர். தொழிற்சாலையில் மாட்டியிருக்கும் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே சிங்களம் எழுத்துக் கூட்டப் பழகியவர். தாளில் தமிழ் ஒரு வரிகூட இல்லை.

"ருபெல்லா ஊசின்னு போட்டிருக்கு தங்கச்சி. ஆண்டு எட்டுப் பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும். நாளைக்குப் போடுறாங்களாம், தாய் தகப்பன் கையெழுத்து வேணுமாம்."

"ரப்பரா? தோட்டத்துக்காரங்களுக்குன்னே கண்டுபுடிச்சானுங்களாண்ணே?"

"சிரிக்காத. கீழ ஒண்ணு இருக்கு." விரல் எழுத்தெழுத்தாக ஊர்ந்தது. "கெப்... வளகின்ன. கெப்னா வயித்துப் புள்ள. வளகின்னன்னா தடுக்கிறது."

வெள்ளையம்மாவின் கை நின்றது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

"எழுதியிருக்கிறதத்தானே சொல்றேன்."

"பயலுகளுக்கு ஏன் இல்லன்னு இப்பதான் வெளங்குது."

உள்ளேயிருந்து மகள் தனுஜா எட்டிப் பார்த்தாள். "அம்மா, அது அம்மை மாதிரி ஒண்ணு வராம இருக்கவாம். டீச்சர் சொன்னாங்க."

"ஒங்க டீச்சரு சிங்களத் தாள வாசிச்சாங்களா?"

தனுஜா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வயசுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

சிங்களம் பேச வெள்ளையம்மாவுக்கும் நன்றாகவே வரும். புளத்கொகுபிட்டியச் சந்தையில் அவளிடம் பேரத்தில் வென்றவர்கள் குறைவு. ஆனால் வாயில் இருக்கும் பாஷை தாளில் ஏறிவிட்டால் யாரோ அந்நியருடையதாகிவிடும். 'வளகின்ன' என்பது சந்தையில் கேட்ட சொல்லும் இல்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த மறுநாள் இப்படித்தான் ஒரு தாளை நீட்டினார்கள். பெருவிரலை வைத்தாள். கருத்தடை ஆப்பரேசன் என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது. பையனும் பெண்ணுமாய் இரண்டு போதும் என்று அவளே நினைத்திருந்தாள். கேட்டிருந்தால் சரியென்றிருப்பாள். கேட்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் அடிவயிற்றில் உறுத்தியது.

மறுநாள் தாளைக் கொடுக்காமலே மகளைப் பாடசாலைக்கு அனுப்பினாள். பால் வெட்டும்போது கத்தி இரண்டு மரத்தில் ஆழமாக இறங்கி, கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். தாள் இல்லையென்றால் விட்டுவிடுவார்களா? வரிசையில் நிற்கிற பிள்ளையை யார் என்ன என்று பார்ப்பார்களா? பதினொரு மணிக்குப் பாலை நிறுத்துக் கொடுத்தவள், மகளைக் கூட்டிவந்துவிடுவது என்று கீழே ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். தாள் ரவிக்கைக்குள் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

பாதையோரம் ஸைனம்புவின் துணிக்கடை. தீபாவளிக்குத் தீபாவளி துணி எடுத்து, அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் அளவுக்கு நெருங்கிய பழக்கம்.

"எங்க புள்ள இந்த ஓட்டம்? புலி வெரட்டுதா?"

"ஊசி வெரட்டுது ராத்தா."

நின்று இரண்டே வார்த்தையில் சொன்னாள். ஸைனம்பு சிரிக்கவில்லை, கையை நீட்டினாள். சிங்களப் பாடசாலையில் படித்தவள். தாளை மேசையில் விரித்து நீவிவிட்டாள்.

"ஆர் ஒனக்கு இத வாசிச்சது?"

"மூக்கையா அண்ணன்."

"அவர் நடுவுல ரெண்டு சொல்லப் பொறுக்கி எடுத்தீக்கிறார். ஊசி போட்டு மூணு மாசத்துக்குப் புள்ள உண்டாகாமப் பாத்துக்கோங்க எண்டுதான் ஈக்கிது. வளகின்ன எண்டா தவிர்த்துக்கோங்க. ஊசி ஒண்டையும் தடுக்கிறல்ல. எங்களத்தான் பொறுக்கச் சொல்லுது. கலியாணம் முடிச்ச பொம்பளைகளுக்கும் இதே தாள்தான்."

"அப்ப எதுக்கு ராத்தா பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும்?"

ஸைனம்பு கடையின் உள்பக்கம் பார்த்தாள். எட்டு வயது நப்லா பலகைத் தரையில் உட்கார்ந்து துணித் துண்டுகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காது கேளாத பிள்ளை. ஆண்டவன் கொடுத்தது என்று மட்டும்தான் வெள்ளையம்மா இதுவரை அறிந்திருந்தாள்.

"இவ வயித்துல ரெண்டு மாசம். எனக்குக் கழுத்துக்குப் பின்னால நெறி கட்டிச்சு. மேலெல்லாம் செவப்பு. இதே ருபெல்லாதான். காய்ச்சல்கூட சரியா இல்ல. மூணு நாள் கடையிலதான் நிண்டேன். அது என்னத் தொட்டுட்டுப் போயிட்டிது. இவள விட்டுட்டுப் போகல்ல. கொழும்புல டொக்டர் கேட்ட மொதக் கேள்வியே அதுதான்." தாளின் ஓரத்தை மடித்து நிமிர்த்தினாள். "அப்ப இந்த ஊசி எனக்குக் கெடச்சீந்தா..."

வெள்ளையம்மா விரலில் மிச்சமிருந்த பாலை இழை இழையாக உரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மரத்து வெட்டில் காய்ந்ததை உரித்து மடியில் முடிந்து வைத்திருந்த ஒட்டுப்பால் இழைகளையும் எடுத்து அதன் மேலேயே சுற்றினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"ராத்தா, முழுசா ஒருக்கா வாசிங்க. ஒரு எழுத்து விடாம."

உடுத்தச் சாரம் வாங்க வந்த ஆள் காத்து நின்றார். ஸைனம்பு மேலிருந்து தொடங்கினாள். காய்ச்சலோ வேறு வருத்தமோ இருந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும். முன்பு ஏதும் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். போட்ட பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே இருக்க வேண்டும். கை வலிக்கலாம், லேசாக உடம்பு காயலாம். வெள்ளையம்மாவின் மகளிலிருந்து பேரப்பிள்ளை வரைக்கும் அந்த ஊசி காவல் நிற்கும் என்று எழுதியிருக்கவில்லை. அதை ஸைனம்புவே சேர்த்துக்கொண்டாள்.

பேனையை வாங்கி, வெள்ளையம்மா தன் பெயரை எழுதினாள். கோடு போதாமல் கடைசி எழுத்து கீழே இறங்கியது.

"ஓடு புள்ள, பன்ரெண்டுக்குப் போயிருவாங்க!"

பாடசாலையில் மிட்வைஃப் மிஸ்ஸி ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். ஓரத்து வாங்கில் தனுஜா தனியாக, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். தாள் கொண்டுவராத ஒரே பிள்ளை. கையெழுத்து இல்லாமல் அவளை யாரும் தொடவில்லை. வெள்ளையம்மா தாளை நீவி நீட்டினாள். சிங்களத்திலேயே பேசினாள்.

"மிஸ்ஸி, நான் முழுசாக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டுத்தான் கையெழுத்து வச்சிருக்கேன்."

மிஸ்ஸி தாளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பெட்டியை மறுபடி திறந்தார். தமிழில், "நல்ல அம்மா. மகள் சாப்பிட்டதுதானே?" என்றார்.

திரும்பும்போது தனுஜா பஞ்சை இடது கையில் அழுத்திப் பிடித்தபடி வந்தாள்.

"அம்மா, மூக்கையா மாமாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"இனிமே சிங்களத்த வளகின்னன்னு சொல்றேன்."

கடையில் ஸைனம்பு வியாபாரத்தில் இருந்தாள். தனுஜாவின் கைப் பஞ்சைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினாள். ஏதாவது சொல்லவேண்டும் என்று வெள்ளையம்மா நின்றாள். நப்லா ஓடிவந்து பஞ்சை மெதுவாகத் தொட்டாள்; பிறகு தன் கையைத் தடவிப் பார்த்து, வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தாள். தனுஜா சிரித்துவிட்டாள்.

மடியில் சுற்றி வைத்திருந்த ரப்பர்ப் பால் உருண்டை எலுமிச்சங்காயளவுக்குத் திரண்டிருந்தது. வெள்ளையம்மா அதை நப்லாவின் கையில் வைத்தாள். நப்லா மோந்து பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். பிறகு தரையில் விட்டாள். அது எகிறி, மறுபடி விழுந்து, துணிக்கட்டுகளுக்கு நடுவே துள்ளித் துள்ளி ஓடியது. நப்லா அதைத் துரத்தவில்லை. பலகைத் தரையில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, ஒவ்வொரு துள்ளலின் அதிர்வுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.