ஆறு வருஷத்துப் பழைய ரிப்போர்ட்

காலை ஏழு மணிக்கு அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்த ஊசி மருந்தை எடுத்தாள். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, நேற்றுக் குத்தாத இடமாகத் தேடினாள். அடிவயிறு முழுக்கக் கன்றிப் போயிருந்தது.

"இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கணவர் கதவோரமாக நின்று கேட்டார்.

"எந்தப் பக்கத்துல இடம் பாக்கி இருக்கு, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஊசி இறங்கும்போது அந்தச் சிரிப்பு நின்றது. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். ஆறு வருஷமாக அப்படித்தான் பார்க்கிறார்.

அவருக்குக் குக்கர் தொழிற்சாலையில் வேலை. கடைசி மேஜை அவருடையது. ஒவ்வொரு குக்கரிலும் தண்ணீர் ஊற்றி, காற்றை ஏற்றி, மூடியில் கசிவு உண்டா என்று பார்த்துத்தான் முத்திரை குத்துவார். எல்லோரும் அவரைச் சீல்காரர் என்றே கூப்பிட்டார்கள். லாரி வாசலில் நிற்கிறது என்று முதலாளியே பறந்தாலும், "பாக்காம எப்படி சார் குத்துறது?" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் விஷயத்தில் மட்டும் பார்க்காமலே குத்திக்கொண்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை என்று இருவரும் டாக்டரிடம் போனார்கள். இருவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி, கணவர் கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். விந்துவை வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்தால் போதும். சீல்காரருக்கு அன்று இரவெல்லாம் தூக்கமில்லை. குறை தன்னிடம் என்று வந்துவிட்டால்? நாலு பேர் முன்னால் எப்படி நடமாடுவது?

மறுநாள் அவர் பேக்கிங் பிரிவில் இருந்த நண்பனைத் தேடிப் போனார். நண்பனுக்கு மூன்று பிள்ளைகள்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இதுல போய் யாராவது ஆள் மாத்துவாங்களா?" என்றான் நண்பன்.

"மச்சான், இந்த ஒரு தடவதான். எப்படியும் எனக்கு ஒண்ணும் இருக்காது. ரிப்போர்ட்டுல ஏதாவது ஏடாகூடமா எழுதிட்டா அப்புறம் நான் தலைநிமிர முடியாதுடா."

நண்பன் முணுமுணுத்துக்கொண்டே டப்பாவை வாங்கிக்கொண்டான். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, அதுவே எனக்குப் போதும்" என்று அவள் அந்தக் காகிதத்தை பீரோவில் பத்திரப்படுத்தினாள்.

சீல்காரர் கெட்டவர் அல்ல, கோழை. ஆனால் கெட்டவனிடம் மாட்டினால்கூடத் தப்பித்து ஓடலாம்; கோழையோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு யாரிடமிருந்து ஓடுவது என்றே தெரியாது. அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த மாதம் அவள் மாத்திரையில் இருந்தாள். அடுத்த வருஷம் சொல்லலாம் என்று நினைத்தார். அதற்குள் அவள் வயிற்றில் துளைபோட்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. நாள் ஆக ஆக வாய் இன்னும் இறுகியது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் உடம்பு ஊதியது, முடி கொட்டியது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலையில் பாதி நாள் லீவு. போதாததற்கு மாமியார். "பொட்டல் காட்டுல எவ்வளவு மழை பேஞ்சா என்ன?" என்று அவள் காதுபடவே சொல்வாள். மகன் அப்போதும் சுவரைத்தான் பார்ப்பார்.

இப்போது இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். முதல் தடவை காய்ச்சல் வந்து பிழைத்ததே பெரும்பாடு. அதனால், கத்தி வைப்பதற்கு முன் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று அன்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

அங்கே இருந்த பெண் டாக்டர் ஃபைலை முழுக்கப் புரட்டினார். "இவங்களுக்கு இருபத்தி மூணு டெஸ்ட். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஆறு வருஷம் முன்னாடி. இன்னைக்கே, இங்கயே குடுங்க சார். வெளியில இருந்து கொண்டு வரக் கூடாது."

இந்த முறை எந்த நண்பனும் துணைக்கு இல்லை. மத்தியானம் முடிவு வந்தது. டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். "விந்தணு நூறு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டோ மூணோதான் இருக்கு. பழைய ரிப்போர்ட்டுல நல்லா இருந்துச்சே?"

அவள் பதறிப்போனாள். "இல்ல டாக்டர், வேற யாரோடதோ மாறி வந்திருக்கும். இவர்கிட்ட எந்தக் குறையும் இல்ல. என் உடம்புதான் சரியில்ல. இன்னொரு தடவ பாருங்க."

தன்னைக் காப்பாற்ற அவள் கெஞ்சுவதைச் சீல்காரரால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. "இது மாறல" என்றார். "அன்னைக்குக் குடுத்ததுதான் என்னோடது இல்ல. பேக்கிங்ல இருக்கானே, அவன்கிட்ட வாங்கிக் குடுத்தேன்."

அவள் கத்தவில்லை. "என்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனப்ப, வாசல்ல நீங்கதான உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பவும் தெரியும்?"

அவர் கண் சுவரைத் தேடியது.

டாக்டர் மெல்லச் சொன்னார். "பரிசோதனை பண்ணினேன், விதைப்பைல ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. நிறைய பேருக்கு இருக்கிறதுதான், சின்ன ஆபரேஷன். அப்பவே பண்ணியிருந்தா நல்ல வாய்ப்பு இருந்துச்சு. இப்ப இவங்களுக்கு முப்பத்தொம்பது ஆகுது, கருமுட்டை ரொம்பக் குறைஞ்சிருச்சு. முயற்சி பண்ணலாம். ஆனா நம்பிக்கை குடுத்து ஏமாத்த மாட்டேன்."

வீட்டுக்குள் கால் வைத்ததும் மாமியார் ஆரம்பித்தாள். "இந்த டாக்டரும் கைய விரிச்சாச்சா? இவ வயித்துக்கு..."

"அம்மா, குறை அவகிட்ட இல்ல. என்கிட்ட. பொய் ரிப்போர்ட் குடுத்து இவள ஆறு வருஷம் அறுக்க விட்டேன்" என்றார் சீல்காரர்.

கிழவி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். "மெதுவாடா, பாவி! அக்கம்பக்கத்துல கேட்டுரப் போகுது."

மருமகள் போய் அந்த ஜன்னலைத் திறந்தாள். "கேக்கட்டும் அத்தை. என்னப் பத்திப் பேசுறப்ப யாரும் ஜன்னல சாத்தலையே? குழந்தை தங்கலைன்னா புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணாப் போய்க் காட்டணும். அது வியாதி, வெக்கம் இல்ல. வெக்கத்துக்குப் பயந்து ஒருத்தர் ஒளிஞ்சுகிட்டா, இன்னொருத்தர் உடம்புலதான் கத்தி வெப்பாங்க."

பிறகு கணவரைப் பார்த்தாள். "நாளைக்கே உங்க ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்க. நான் கூட வர்றேன். ஆனா ஒண்ணு, டாக்டர் மருந்து குடுப்பாங்க. எனக்குப் போன ஆறு வருஷத்த எந்த டாக்டர் குடுப்பாங்க?"