கொழுந்தனின் தாடை

நகராட்சி தண்ணீர் சப்ளையை ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் விட்டபோது முதலில் சீட்டுக் கிழிந்தது தினக்கூலி ஆட்களுக்குத்தான். அவளுடைய கொழுந்தனும் அதில் ஒருவன். வால்வு திருப்பித் திருப்பியே தோள் பெருத்தவன்; தெருவில் அவனுக்குப் பெயரே 'வால்வு'தான். கம்பெனி புதிதாக எடுத்த பம்ப் ஆபரேட்டர்களில் அவளும் ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்பே எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்தவள், புருஷன் செத்துப்போன பிறகு வேலை தேடி அலைந்தவள்.

வீட்டில் சேதி சொன்னதும் கொழுந்தன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தான்.

"என் வயித்துல அடிச்சிட்டு எனக்கே சோறு போடுறீங்களா அண்ணி?"

"நான் போகலன்னா உனக்கு அந்த வேலை திரும்பக் கிடைச்சிடுமா தம்பி?"

அதோடு பேச்சு நின்றது.

கம்பெனி மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீரைக் குறைத்தது. குழாய்கள் வெறும் காற்றைக் கக்கின. ஒரு மத்தியானம் வேலை போனவர்களும் குடம் காய்ந்தவர்களும் சேர்ந்து பம்ப் ஹவுஸுக்குக் கிளம்பி வந்தார்கள். முன்னால் கொழுந்தன், கையில் கடப்பாரை.

சூப்பர்வைசர் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினான். கேட்டைச் சாத்தப் போன காவலாளி மண்டை உடைந்து விழுந்தார்; அவரை மிதித்துக்கொண்டே கூட்டம் உள்ளே வந்தது. உடைந்த ஜன்னல் கண்ணாடி அவள் கழுத்தைக் கீறியது. "கம்பெனிக்காரி!" என்று தெரிந்த முகம் ஒன்றே அவள் முடியைப் பிடித்து இழுத்து அறைந்தது.

கொழுந்தன் நேராகப் பேனல் போர்டுக்குப் போனான். அவள் உதறிக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள்.

"வேணாம் தம்பி, அதுல கரண்ட் ஓடுது!"

"அண்ணின்னு பார்க்க மாட்டேன். தள்ளு!"

கடப்பாரையின் முனையால் அவள் விலாவில் இடித்தான். மூச்சு அடைத்துக் கண் இருட்டியது. கைக்கு வந்தது பெரிய பைப் ரெஞ்ச். முழு வீச்சில் அடித்தாள். தாடை முறிந்த சத்தம் மோட்டர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அவன் விழுந்தான், ரத்தத்தோடு பற்கள் தரையில் சிதறின. அவள் நிறுத்தவில்லை. தோளில் அடித்தாள், முதுகில் அடித்தாள். கடைசியில் கூட்டம்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஸ்டேஷனில் கம்பெனி மேனேஜர் காதைக் கடித்தார். "கும்பல் தள்ளுமுள்ளுல விழுந்தான்னு சொல்லிடும்மா. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "காவலாளியை அடிச்சது அவங்க. என் கொழுந்தன் தாடையை உடைச்சது நான். ரெண்டையும் எழுதிக்கங்க."

கொழுந்தன் மேலும் அவள் மேலும் வழக்கு விழுந்தது. அவள் வேலையும் போயிற்று. ஒப்பந்தம் மட்டும் அசையவில்லை.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டிய கொழுந்தன் ஜாமீனில் வீட்டுக்கு வந்தான். கம்பி அவிழ்த்த அன்று அவளைக் கூப்பிட்டான்.

"கரண்ட் அடிச்சு நான் செத்துடுவேன்னுதானே அண்ணி அடிச்சீங்க?"

மாமியார் தெருவெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடும்பம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"முதல் அடி வேணா அப்படி இருக்கலாம்பா," என்றாள். "மத்ததெல்லாம் கோவம். உன்னைக் கொன்னே போட்டிருப்பேன்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டான்.

அவளுக்கு ஒரு மில்லில் வேலை கிடைத்தது. வழியில் எதிர்ப்பட்டால் கோணல் தாடையோடு தலையை அசைப்பான். அவளும் அசைப்பாள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.