பன்னிரண்டு வருடத் தமிழ்

ஒடிசாவிலிருந்து பள்ளிபாளையத்துக்குத் தறி ஓட்ட வந்து பன்னிரண்டு வருடமாகியும், சபிதாவின் தமிழில் எல்லோரும் 'வந்தான்'தான்.

"நாளைக்குக் கூட்டத்துல டீச்சர்கிட்ட இப்படிப் பேசாதீங்கம்மா. அறிவியல் பாடத்துல வர்ற புதைபடிவமாட்ட உங்க தப்பு கல்லாயிருச்சு," என்றாள் மகள் மினதி.

நாளெல்லாம் தறிச் சத்தத்துக்குள் 'வந்தாங்க, சொன்னாங்க' என்று முணுமுணுத்தாள் சபிதா. இழை அறுந்ததுகூடத் தெரியவில்லை.

மறுநாள் பெற்றோர் கூட்டத்தில், மினதி நன்றாகப் படிப்பதாகப் பிரபா டீச்சர் சொன்னதும் சந்தோஷத்தில், "டீச்சர் நல்லாச் சொல்லித் தந்தான்," என்று சபிதாவின் வாயில் வந்துவிட்டது. மினதி தலை குனிந்தாள். பதறிப்போன சபிதா, மிச்சத்தைத் தன் தாய்மொழியான ஒடியாவிலேயே கடகடவென்று சொல்லி முடித்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று மினதியிடம் கேட்டார் டீச்சர்.

"பாதி புரியலீங்க டீச்சர்."

வீடு வரும்வரை சபிதா நிற்காமல் ஒடியாவில் பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் மகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.