கைவிஷம் எடுக்கப் போன கதை

எனக்கு வாந்தி என்றால் பயம். பேய்க்குப் பயப்படுகிறவளை ஊர் இரக்கப்பட்டு மந்திரித்து விடும். வாந்திக்குப் பயம் என்று சொன்னால் சிரிக்கும். அதனால் முப்பத்தொரு வயது வரை வீட்டில் ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

கல்யாண விருந்தில் இலை போட்டதும் எனக்குத் தலைவலி வந்துவிடும். நேற்று வைத்த மீன்குழம்புக்குத்தான் ருசி என்று ஆலப்புழையில் எல்லோரும் சொல்வார்கள். நான் அந்தச் சட்டி இருக்கும் பக்கமே போக மாட்டேன். நானே கழுவி நானே வேகவைத்த கஞ்சியும் பயறும்தான் எனக்கு இறங்கும். வேலை, ஒன்றாம் வகுப்பு டீச்சர். முப்பது பிள்ளைகளில் எவன் முகம் வெளுக்கிறது என்பதை அவன் வயிற்றுக்கு முன்னால் நான் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவேன். டீச்சருக்குப் பிள்ளைகள் மேல் என்ன அக்கறை என்று தாய்மார்கள் மெச்சினார்கள்.

காரணம் தெரியாமலும் இல்லை. பயிற்சி வகுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, கோட்டயத்தில் ஒரு மனநல டாக்டரிடம் நான்கு சனிக்கிழமை போனேன். அவர் கிளறிக் கிளறிக் கேட்டதில் எட்டு வயதில் நடந்தது மேலே வந்தது. சித்தியின் கல்யாணம். பாலடைப் பாயசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்துவிட்டு, மணமேடையில் எரிந்துகொண்டிருந்த நிலவிளக்கின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். விளக்கு அணைந்துபோனது. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, விளக்கைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த வருடம் சித்தப்பாவுக்குத் துபாயில் வேலை போனதையும் என் தலையில்தான் போட்டார்கள்.

உன் பயம் வாந்தி மேல் இல்லை, அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கிற முகங்கள் மேல் என்றார் டாக்டர். வாஸ்தவம்தான். காரணம் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு குழந்தை இருமியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளை இல்லை. சினிமாவில் கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் வீடே லட்டு தின்கிறது. எனக்கு டிவியை அணைக்கத் தோன்றும். கர்ப்பம் வராமலிருக்கும் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்து விழுங்கிவந்தேன். பிள்ளை வேண்டாம் என்றில்லை. ஆசை தொண்டை வரை இருந்தது, பயமும் அங்கேதான் இருந்தது.

மாமியார் சரசம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மருமகள் வெளியில் ஒரு வாய் சாப்பிடுவதில்லை, உடம்பு தேறவில்லை, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஜோசியரிடம் போனார். சோழி உருட்டிப் பார்த்த ஜோசியர், யாரோ பொறாமைக்காரர்கள் எனக்குச் சோற்றில் கைவிஷம் வைத்துவிட்டார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டு பிள்ளையைத் தங்கவிடாமல் செய்கிறது என்றார். பரிகாரம் சுலபம். தெற்கே ஒரு கோயிலில் வெறும் வயிற்றில் பச்சிலை மருந்து கொடுப்பார்கள். குடித்துவிட்டுப் பிரகாரத்தைச் சுற்றினால் மூன்றாவது சுற்றுக்குள் எல்லாம் வாந்தியாக வெளியே வந்துவிடும்.

உலகத்தில் எத்தனையோ பரிகாரம் இருக்கிறது. எனக்கு வாய்த்தது இது.

முடியாது என்றேன். என் கணவர் உதயபானு மின்வாரியத்தில் லைன்மேன், இடி மழையிலும் கம்பம் ஏறுகிறவர். ஒரு டம்ளர் மருந்து குடிக்க இவ்வளவு பிடிவாதமா, அப்படியானால் பிள்ளை பெறவே உனக்கு விருப்பமில்லை என்றுதான் அர்த்தம், குடிக்காவிட்டால் உன் வீட்டுக்கே போய்விடு என்றார். கோபத்தில் சொல்கிறார் என்று இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தார்.

மாமியாருடனும் அவருடனும் கோயிலுக்குப் போனேன். என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் மருந்து அரைத்தாகிவிட்டது. பாலில் கலந்த பச்சை, நுரை தளும்ப வெண்கல டம்ளரில் வந்தது. வாசனைக்கே டம்ளரை முகத்துக்கு எட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல என்ன மோளே இருக்கு?" என்றார் மாமியார். பிறகு பூசாரியிடம், "இவ பயப்படறா. எனக்கும் ஒண்ணு கொடுங்க திருமேனி, நான் குடிச்சுக் காட்டறேன்" என்று வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

இரண்டாவது சுற்றில் சரசம்மா மதிலோரம் குனிந்தார். என் கால்கள் ஓடத்தான் திரும்பின. அறுபத்தைந்து வயது உடம்பு தள்ளாடியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். அந்த ஓரடி எனக்கு நன்றாகத் தெரியும், எட்டு வயதில் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆத்திரம் வந்தது. போய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி, கடைசி வரைக்கும் பிடித்திருந்தேன்.

நிமிர்ந்தபோது உதயபானு தூரத்தில் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அம்மாவுக்கு இத்தனை வந்திருக்கிறதென்றால் அம்மாவுக்கும் யாரோ கைவிஷம் வைத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்தே கண்டுபிடித்தார்.

"வீட்டுல சமைக்கிறது நீ ஒருத்திதானே?" என்றார் என்னைப் பார்த்து.

"வாயை மூடுடா" என்றார் சரசம்மா. தலை இன்னும் என் கையில்தான் இருந்தது. "என்னைப் புடிச்சது இவ. நீ எங்க நின்ன?"

அதன் பிறகு எனக்கு மறைக்கத் தோன்றவில்லை.

"கைவிஷமெல்லாம் இல்ல அம்மே. எனக்கு வாந்தின்னா பயம். பிள்ளைக்குப் பயமில்ல, அதுக்கு முன்னாடி மூணு மாசம் எடுக்கணுமே, அதுக்குத்தான் பயம். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இதை நாலு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா, நான் இந்தக் கண்றாவியைக் குடிச்சிருக்க மாட்டேனே."

பூசாரி என் டம்ளரைக் காட்டி, சாமி மருந்தைக் கீழே கொட்டக் கூடாது, குடும்பத்தில் ஒருவர் குடித்தே ஆக வேண்டும் என்றார். சரசம்மா அதை வாங்கி மகனிடம் நீட்டினார்.

உதயபானுவின் முகம் வெளுத்தது. எனக்கு அந்த வெளுப்பு வகுப்பிலேயே பழக்கம். தனக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளாது, நாளைக்கு டியூட்டி இருக்கிறது என்று முனகிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"குடிங்க சேட்டா. பயப்படாதீங்க, நெத்தியை நான் புடிச்சுக்கறேன்."